திறப்பு நிலையில் ஒன்பது நாட்கள்

1

ஒரு கதவைப் பூட்டுவது எப்படி என்று ஒரு தாய்க்கு விளக்க எத்தனை விதிகள் தேவைப்படும்? நான் பதினெட்டு எழுதினேன். எண்ணிட்டுத் தட்டச்சு செய்து, ஈரம் படாதபடி பிளாஸ்ரிக் உறையிட்டு, திருகோணமலையில் எங்கள் வீட்டு முன்னறை அலுமாரியின் கதவில் ஒட்டிவிட்டு விமானம் ஏறினேன். அது நடந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

பாடசாலை விவாத அணிக்கு மூன்று ஆண்டுகள் தலைமை தாங்கியவள் நான். கேட்பவர் எவராயினும் அவர் மனத்தில் பதியும்படி பேச வல்லவள் என்று மேடைகளில் அறிமுகப்படுத்தப்பட்டவள். அந்தப் பயிற்சி முழுவதும் ஓர் எண்பலகைப் பூட்டின் முன் என்ன ஆயிற்று என்பதை, ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். பாதிக் கதை உங்களில் சிலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு சந்தில், நடப்பது எதுவும் ஒழுங்கையோடு நிற்பதில்லை. மற்றப் பாதியை நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

நோர்வேயின் பேர்கன் நகரில் நான் குடியிருக்கும் வீட்டுக் கதவில் கைபிடிக்கு மேலே ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. தொட்டால் இலக்கங்கள் ஒளிரும். ஆறு இலக்கங்களை அழுத்தினால் கதவு வழிவிடும். வெளியே வந்து இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். மழைக்குப் பெயர்போன இந்த ஊரில், ஒரு கையில் குடையும் மறு கையில் பையுமாக வந்து நிற்பவளுக்கு ஒரு விரல் மீந்தால் போதும். ஆறு ஆண்டுகளாக அந்தக் கதவைப் பற்றி நான் ஒரு கணமும் சிந்தித்ததில்லை.

சனிக்கிழமைகளில் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வாக்கியப் பயிற்சிக்காக, “வீட்டுக்குள் எப்படிப் போவீர்கள்?” என்று கேட்டபோது ஒரு சிறுமி எழுந்து, தன் வீட்டுக் கதவின் எண்ணையே உரத்த குரலில் வகுப்புக்கு அறிவித்தாள். அவளுக்குப் பூட்டு என்ற சொல் தெரியாது. நான் பலகையில் ‘பூட்டு’ என்று எழுதி, பக்கத்தில் ‘சாவி’ என்றும் எழுதினேன். எங்கள் ஊரில் எவரும் அதைச் சாவி என்று சொல்வதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

2

அம்மா முப்பது வருடங்கள் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அப்பா காலமான பிறகு, துறைமுகத்துக்குக் கிட்டிய ஒழுங்கையில் எங்கள் பழைய வீட்டில் தனியே இருக்கிறார். தனியே என்பது என் சொல். அம்மா அதை ஏற்பதில்லை. ஒழுங்கை அவரை மிஸி என்று அழைக்கிறது. தாதிமாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். பிரஷர் பார்க்க ஒருவர், புண்ணுக்கு மருந்து கட்ட ஒருவர், வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டை வாசித்து விளங்கப்படுத்தும்படி கேட்டு ஒருவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எதிர்வீட்டு ஜெமீலா மாமியின் கணவருக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுபவர் அம்மாதான். அவர்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஆகவே மருந்தும் எங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். கிண்ணியாவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட மாமி, இடியப்பம் அவித்து விற்பவர்.

வெளியே போகும்போது அம்மா வீட்டுத் திறப்பை வாசற் பூச்சாடியின் கீழ் வைத்துவிட்டுப் போவார். அந்த இரகசியத்தை அறியாதவை ஒழுங்கையில் திரியும் மான்கள் மட்டுமே.

ஒருநாள் பகல் இங்கிருந்து வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தேன். ஓர் ஆண் குரல் பதில் சொன்னது.

“ஹலோ, ஆரு?”

“நீங்கள் ஆர்?” என்றேன்.

“நான் பிரஷர் பாக்க வந்தனான். மிஸி சந்தைக்குப் போயிட்டா. தேத்தண்ணி போட்டுக் குடிச்சுக்கொண்டிருக்கிறன். சீனி டப்பா எங்க இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

சொன்னேன். வேறென்ன செய்வது? சீனி டப்பா இருக்கும் இடத்தை ஓர் அந்நியருக்கு எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அறிவித்துவிட்டு, அன்று மாலையே அம்மாவை இங்கு அழைப்பதற்கான படிவங்களைத் தேடத் தொடங்கினேன்.

வயது அறுபது கடந்த, துணையை இழந்த, சொந்த நாட்டில் பிள்ளைகள் எவரும் இல்லாத தாயை இங்கே அழைக்க ஒரு வழி உண்டு. வழி என்று சொல்கிறார்களே தவிர, அது படிவங்களாலான ஒரு கோட்டை. பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய தந்தையின் பெயர். கடவுச்சீட்டில் கணவரின் பெயர். ஓய்வூதியப் புத்தகத்தில் வெறும் முதலெழுத்துகள். மூன்று ஆவணங்களிலும் மூன்று பெண்கள் தென்பட்டார்கள். “இவர்களில் எவர் உங்கள் தாய்?” என்று இங்குள்ள உத்தியோகத்தர் மிகுந்த பணிவுடன் கேட்டார். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை நோர்வே மொழியில் விளக்கப் புகுந்த நான், ‘பெயர் இல்லை’ என்பதற்குப் பதிலாகக் ‘குடும்பம் இல்லை’ என்று சொல்லிவிட்டேன். அவர் அனுதாபத்துடன் தலையசைத்து அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அம்மாவுக்கு நாட்டில் எவரும் இல்லை என்று ஒரு கடிதம் பெறக் கிராம சேவகரிடம் போனேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“பிள்ளைகள் இல்லையெண்டு எழுதுவன். ஆருமில்லையெண்டு எழுத ஏலாது, தங்கச்சி.”

“ஏன் ஐயா?”

“மிஸிக்கு ஆருமில்லையெண்டு நான் கையெழுத்து வைச்சால், இந்த ஒழுங்கையே திரண்டு எனக்கு அடிக்க வரும்.”

அன்று மத்தியானம் குசினியில், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முன் என் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். முதுமை, தனிமை, பாதுகாப்பு என்று முப்பெரும் தலைப்புகள். நான் முடித்ததும் அம்மா கையைக் கழுவினார்.

“நான் வரமாட்டன். பூட்டுத்தானே உனக்குப் பிரச்சினை? கொண்டுவந்த பூட்டைப் போடு. ஒரு வருஷம் பார். இந்த வருஷத்துக்குள்ள ஒருநாளாவது நான் வீட்டைப் பூட்டாமல் விட்டுட்டுப் போனனெண்டால், மறுகதை கதைக்காமல் உன்னோட வாறன்.”

“பூட்டியிருந்தால்?”

“இந்தப் பேப்பர் எல்லாத்தையும் அடுப்புக்குள்ள போடு.”

ஒப்புக்கொண்டேன். அம்மா தோற்பார் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

3

அந்தப் பூட்டை நான் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “திறப்புப் போடுற ஓட்டை எங்க?” என்று கேட்டார். அடியில் சிறு மூடிக்குள் ஒளிந்திருக்கிறது, அவசரத்துக்கு மட்டும், என்றேன். “அப்ப அவசரமில்லாத நேரம் எப்படி வீட்டுக்குள்ள போறது?” என்று அவர் கேட்ட கேள்விக்கு, பின்னால் நின்ற வரிசை எனக்காக முனகியது.

கதவில் அதைப் பொருத்த வந்தவர் நசீர் ஓடாவி. தச்சரை எங்கள் பக்கத்தில் ஓடாவி என்போம். எங்கள் வாசற்கதவு முதிரை என்னும் வைரமரப் பலகையாலான இரட்டைக் கதவு. பூட்டோ ஒற்றைக் கதவுக்காக, அதுவும் கடதாசி போன்ற ஐரோப்பியக் கதவுக்காக ஆக்கப்பட்டது. நசீர் ஓடாவி முதல் துளையைத் தொடங்கியதும் துளையூசி முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது.

“தங்கச்சி, இது முதிரை. இதுக்குள்ள ஓட்டை போடுறதெண்டா இதுக்கிட்டச் சம்மதம் கேக்கோணும்.”

எதிர்வீட்டு வாசலில் இடியப்ப உரலோடு நின்ற ஜெமீலா மாமி விடவில்லை. “நசீர் நானா, கதவப் பூட்டத்தானே புள்ள சொன்னது? நீங்க உடைக்கிறீங்களே!”

“நீ உன்ட இடியப்பத்தப் புழி. முறிஞ்சா அதுவும் விக்கும். எனக்கு ஊசி முறிஞ்சா ஆரு வாங்குவா?”

ஒரு பலகையை மேலும் கீழும் தாழிட்டு நிலையோடு நிரந்தரமாக நிறுத்தி, மற்றதில் பூட்டைப் பொருத்த ஒன்றரை நாள் ஆயிற்று. நான்கு பற்றறிகளை உள்ளே போட்டதும் பூட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், கதவு பூட்டப்பட்டுவிட்டது என்று கண்டிப்பாக அறிவித்தது. அம்மா ஓர் அடி பின்னால் போனார்.

“ஆரடி இவள்? வோர்ட் சிஸ்டர் மாதிரிக் கதைக்கிறாள்.”

கதவு நெடுநேரம் திறந்து கிடந்தால் பூட்டு என் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். எவர் எப்போது திறந்தார் என்ற பதிவும் இணையம் வழியாக எனக்கு வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவெண் கொடுத்தால், வந்தவர் எவர் என்பதும் தெரியும். அம்மாவுக்கு ஒன்று, ஜெமீலா மாமிக்கு ஒன்று. வேறு எவருக்கும் இல்லை. இதை நான் மூன்று முறை சொன்னேன்.

மறுநாள் காலை முன்னறையில் இருந்த எனக்கு, வெளியே யாரோ ஒவ்வொரு இலக்கமாக உரக்க வாசித்து அழுத்துவது கேட்டது. கதவு திறந்தது. மரக்கறி விற்பவர் நின்றார். அவருக்குப் பின்னால் அம்மா.

“அம்மா! கடவெண்ணை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சொன்னனான் எல்லோ!”

“ரெண்டு கையிலும் பை. நான் என்ன, மூக்கால அமத்துறதோ?”

மரக்கறிக்காரர் இடையில் புகுந்து, “கவலப்படாதீங்க பிள்ள, நான் மறந்திருவன்” என்று உறுதியளித்தார். மறக்கவில்லை. அடுத்த நாள் அவரே திறந்துகொண்டு வந்து பூசணிக்காயைக் குசினியில் வைத்துவிட்டுப் போனார். எண்ணை மாற்றினேன்.

ஜெமீலா மாமியின் சிக்கல் வேறு. மாவில் ஊறிய அவருடைய விரலைக் கண்ணாடி ஏற்க மறுத்தது. துடைத்துவிட்டு அழுத்தினால் நான்காவது இலக்கம் மறந்துவிடும். மூன்று முறை பிழைவிட்டால் வோர்ட் சிஸ்டர் சத்தமிடத் தொடங்குவாள்.

“புள்ள, இவ என்ன என்னய மட்டும் ஏசுறா? மிஸி, எனக்கு இந்த நம்பர் விளையாட்டு வாணாம். பழைய மாதிரித் திறப்பத் தாங்க.”

“பழகினால் வரும் மாமி” என்றேன். ஒரு பேச்சாளருக்கு உரிய பொறுமையோடு சொன்னேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

பூட்டோடு வந்த கையேடு சீனத்திலும், சீனத்தைப் போன்றதோர் ஆங்கிலத்திலும் இருந்தது. ஆகவே புறப்படுவதற்கு முதல்நாள் பதினெட்டு விதிகளையும் தமிழில் எழுதினேன். நல்ல தமிழில். இங்கே அந்த ‘நல்ல தமிழ்’ பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இணையவழியாக நடக்கும் தமிழ் விவாதப் போட்டிகளில் பல நாட்டுத் தமிழர்கள் பேசுவார்கள். நடுவர்கள் பெரும்பாலும் தமிழகத்தவர். என் முதற் போட்டியில், ‘அறிவின் திறப்பு நம் கையில் இருக்கிறது’ என்று முழங்கினேன். நடுவர் முகம் மலர்ந்து, “திறப்பு விழா எப்போதம்மா?” என்று கேட்டார். திரைகளில் இருந்த அத்தனை முகங்களும் சிரித்தன. அவருக்கு அது நகைச்சுவை. எனக்கு அது ஒரு காயம். அன்று தொடங்கி என் சொற்களைக் களையெடுத்தேன். கதிரை நாற்காலியாயிற்று. குசினி சமையலறையாயிற்று. திறப்பு சாவியாயிற்று. அதன் பிறகு வெற்றிக் கிண்ணங்கள் வந்தன. ஆதலால் செய்தது சரியென்றே நம்பினேன். திறப்பு என்றால் எனக்கும் மெல்ல மெல்லத் திறத்தல் என்ற வினை மட்டுமே ஆயிற்று.

பதினோராம் விதியை அப்படியே தருகிறேன்:

‘திறப்பு நிலை: விருந்தினர் அடிக்கடி வந்துபோகும் வேளைகளில் இந்நிலை பயன்படும். கடவெண்ணை இட்டபின் நட்சத்திரப் பொத்தானை மூன்று விநாடிகள் அழுத்தினால் கதவு திறப்பு நிலைக்கு மாறும்.’

கதவைப் பூட்டாமல் விட்டுவைக்கும் வசதி அது. ஒவ்வொரு முறையும் எண் அழுத்தத் தேவையில்லை. எவரும் கைபிடியைத் திருகி உள்ளே வரலாம். பன்னிரண்டாம் விதியில், அவசர வேளையில் பயன்படும் ‘பொறிமுறைச் சாவி’ பற்றி எழுதியிருந்தேன்.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கங்களையும் முழுக்க வாசித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். இதென்ன, பொறிமுறைச் சாவி? சாவியெண்டால் பதராப்போன நெல்லெல்லோ?”

“பகிடி விடாதையுங்கோ அம்மா. எல்லாம் தெளிவாய் எழுதிக் கிடக்கு. விளங்காட்டி இன்னொருக்கால் வாசியுங்கோ.”

அவ்வளவுதான் நான் கொடுத்த விளக்கம்.

5

பேர்கனில் மற்றவர்கள் பேருந்தில் செய்தி வாசிப்பார்கள்; நான் எங்கள் கதவின் பதிவை வாசித்தேன். காலை ஆறு மணிக்கு அம்மா. ஆறரைக்கு ஜெமீலா மாமி, இரண்டு பிழைகளுக்குப் பிறகு. வாரங்கள் போயின, மாதங்கள் போயின. அம்மா ஒருநாளும் பிழைவிடவில்லை. பற்றறி வலுவிழந்தபோது தானே மாற்றினார். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக இருந்தது. எதிரணியின் கடைசிப் பேச்சாளர் ஒரு பிழையும் விடாமல் நேரத்தை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பான எரிச்சல்.

ஆண்டு முடியச் சில வாரங்கள் இருக்கையில், கப்பல்துறை என்ற ஊரில் இருக்கும் சின்னம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. அம்மா துணைக்குப் போனார். ஒன்பது நாட்கள். இடிமின்னலுக்குப் பயந்து இணையப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டுப் போனதால் எனக்குப் பதிவு எதுவும் வரவில்லை. நாளாந்தம் கேட்டேன். “வீடு பூட்டித்தான் கிடக்கு. ஜெமீலா பாத்துக்கொள்ளுறாள்” என்ற ஒரே பதில்தான் வந்தது.

அம்மா வீடு திரும்பி வயரை மாட்டியதும், தேங்கிக் கிடந்த பதிவு முழுவதும் ஒரேயடியாக வந்து விழுந்தது. மதிய உணவு இடைவேளையில் அதைப் பார்த்தேன். அம்மா புறப்பட்ட காலையிலிருந்து திரும்பிய மாலைவரை ஒரே வரிதான்: கதவு பூட்டப்படாத நிலை. ஒன்பது பகல், எட்டு இரவு. கையிலிருந்த பாண் துண்டை வைத்துவிட்டு உடனே அழைத்தேன்.

“அம்மா, ஒன்பது நாள் வீடு பூட்டாமல் கிடந்திருக்கு!”

“ஆர் சொன்னது?”

“பூட்டே சொல்லுது.”

“பூட்டுக்கு விசர். நான் ஒழுங்காப் பூட்டிப்போட்டுத்தான் போனனான்.”

“எப்படிப் பூட்டினனீங்கள்?”

“நீ எழுதின மாதிரித்தான். திறப்பு நிலையில போட்டிட்டுப் போனனான்.”

“அதைத்தானே அம்மா நானும் சொல்லுறன்!”

“அப்ப பிறகென்ன பிரச்சினை?”

இருவரும் மூச்சு விட்டோம்.

“அம்மா, திறப்பு நிலை எண்டால் கதவு திறந்து கிடக்கிற நிலை.”

நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் குரலில் அம்மா கேட்டார்.

“பிள்ளை, திறப்பு எண்டால் என்ன?”

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“அலுமாரித் திறப்பு எங்க, சைக்கிள் திறப்பு எங்க எண்டு பள்ளிக்கூடம் போற நேரம் நாள் தவறாமல் கத்தினவள் நீதானே? திறப்பு நிலையெண்டால் திறப்பால பூட்டித் திறக்கிற நிலையெண்டு நான் நினைச்சன். ஆக்கள் வந்துபோற நேரத்துக்கு நல்லதெண்டும் எழுதியிருக்கிறாய். ஜெமீலாவுக்கும் நம்பர் சரிவராது. நட்சத்திரத்தை அமத்தினன். அந்த வோர்ட் சிஸ்டரும் வாயை மூடினாள். திறப்பைப் போட்டுத் திருப்பிப் பாத்தன், திரும்பிச்சுது. கதவைத் திறந்து பாத்தன், திறந்திச்சுது. பிறகு திறப்பை ஜெமீலாவிட்டக் குடுத்திட்டுப் போனன். வேறென்ன பாக்கிறது?”

பூட்டாத கதவும் திறக்கத்தான் செய்யும். ஒன்பது நாட்களும் ஜெமீலா மாமி காலையும் மாலையும் வந்து, மூடியை விலக்கி, திறப்பைச் செருகி, திருப்பி, கதவைத் திறந்து, மருந்தை எடுத்துக்கொண்டு, மறுபடி திறப்பைத் திருப்பி, இழுத்துப் பார்க்காமல் போயிருக்கிறார். கைபிடியை ஒரு குழந்தை திருகியிருந்தாலும் கதவு திறந்திருக்கும். இரண்டு பெண்களும் என் பதினோராம் விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கிறார்கள்.

“சரி,” என்றார் அம்மா. “பூட்டாமல் கிடந்தது கிடந்ததுதான். சொன்ன சொல்லு சொன்னதுதான். நான் வாறன். போமை அனுப்பு, கையெழுத்து வைக்கிறன்.”

ஊரார் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் ஒன்றை மறைக்கப் போவதில்லை. அந்த நிமிடத்தில் நான் மகிழ்ந்தேன். பிழை எழுதியவள் நானே என்று தெரிந்திருந்தும் மகிழ்ந்தேன். படிவத்தை அன்றே அனுப்பினேன்.

6

இரண்டு நாட்கள் கழித்து ஜெமீலா மாமி காணொலியில் வந்தார். அவருக்குப் பின்னால், சுவரோரமாக, எங்கள் குளிர்சாதனப் பெட்டி நின்றது. கதவில் நான் சிறுவயதில் ஒட்டிய பட்டாம்பூச்சிப் படம் அப்படியே இருந்தது. எங்கள் வாசற்கதவு நெடுநேரம் திறந்திருக்கிறது என்று முந்தின நாள் கைப்பேசி எச்சரித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

“பாத்தியா மகள்? மிஸி நேத்து ஆக்களக் கூப்பிட்டு ஏத்தி அனுப்பிட்டா. உனக்குத்தான் இனி வேணும், மருந்து வைக்க எண்டா. நாங்க வாணாமெண்டு சொல்லச் சொல்லக் கேக்கல்ல.”

“நல்லது மாமி. உங்களுக்கு உதவும்தானே.”

“என்னத்த உதவுற? பிரிஜ் வந்திட்டு. ஊசி போடுற கை நோர்வேக்குப் போகுதே. இந்த மனிசனுக்கு என்ட கை பிடிக்காது. நான் குத்தினா கத்துவாரு. அந்த ஒம்பது நாளும் ஒழுங்கை முழுக்கக் கேட்டிச்சு.”

நான் எதையோ சொல்லத் தொடங்கினேன். மாமி கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நீ பேச்சுப் போட்டியில கப் எடுத்த புள்ள. உன்னோட கதைச்சு வெல்ல எங்களுக்கு ஏலாது. ஒண்டே ஒண்டு கேக்கிறன். மிஸி அங்க வந்து ஆருக்கு ஊசி போடுவா?”

அடுத்த முழு நாளும், நான் வேலை செய்யும் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களைக் கழுவியபடி எனக்குள் விவாதித்தேன். ஒன்பது நாட்கள் திறந்து கிடந்த வீட்டில் ஒரு கரண்டிகூட இடம் மாறவில்லை என்பதை என் வாதத்துக்கு எதிரான சான்றாக ஏற்க மறுத்தேன். அதிர்ஷ்டம் ஒரு வாதமாகாது. இன்றும் அதே கருத்துத்தான். நல்ல பூட்டு வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் ஜெமீலா மாமியின் ஒற்றைக் கேள்விக்கு முப்பெரும் தலைப்புகளின் கீழும் விடை கிடைக்கவில்லை. பேர்கனில் என் வீட்டுக் கதவை ஆறு ஆண்டுகளில் தட்டியவர்கள், தவறான முகவரிக்குப் பொதி கொண்டுவந்தவர்கள் மட்டுமே.

மாலையில் அம்மாவை அழைத்தேன்.

“அம்மா, ஒப்பந்தம் செல்லாது. விதி பிழையாக எழுதப்பட்டது.”

“விதியை ஆர் எழுதினது?”

“நான்தான்.”

“அப்ப நீயே எழுதி, நீயே நடுவராகி, நீயே செல்லாதெண்டு சொல்லுவியோ? நான் வாக்குத் தந்தனான். நான் தோத்தால் வாறது எண்டுதான் கதை. நான் தோத்திட்டன், வாறன். சூட்கேசும் இறக்கி வைச்சிட்டன்.”

“நீங்கள் தோற்கவில்லை அம்மா.”

“அப்ப ஆர் தோத்தது? ஒருத்தர் தோக்கத்தானே வேணும்.”

தோல்வியைச் சொல்ல மேடைத் தமிழில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. ‘நடுவர் தீர்ப்பு மாறுபட்டது’ என்போம். ‘நூலிழையில் நழுவியது’ என்போம். எனக்குப் பழகிய வாய் பழகிய வழியில் போயிற்று.

“வெற்றி வாய்ப்பை நான் இழந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கோ அம்மா.”

“அது ஆற்ற தமிழ்? எனக்கு விளங்கேல்ல. திரும்பவும் பிழையா விளங்கிப்போட்டு நான் பிளேன் ஏறினால் என்ன செய்வாய்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.”

என் இருபத்தேழு வயதுக்குள் ஒருமுறையும் உச்சரித்திராத சொல்லைத் தேடி எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அம்மா, நான் தோத்திட்டன். நீங்கள் வரவேண்டாம். வீட்டிலேயே இருங்கோ.”

“கொஞ்சம் பொறு” என்றார் அம்மா. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய், “ஜெமீலா! இஞ்ச ஓடி வா! பிள்ளை ஒண்டு சொல்லுறாள், நீயும் கேள்!” என்று கூப்பிட்டார்.

இரண்டாம் முறையும் சொன்னேன்.

மறுநாள் வேலை நேரத்தில், கதவு நெடுநேரமாகத் திறந்திருக்கிறது என்று கைப்பேசி எச்சரித்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி எச்சரித்தது, பிறகு மறுபடியும். மாமி வீட்டிலிருந்து திரும்பி வரும் குளிர்சாதனப் பெட்டி ஒற்றைப் பலகை வழியாக நுழையாது. நசீர் ஓடாவி நிரந்தரமாக இறுக்கிய தாழ்களைக் கழற்றி, இரண்டு பலகைகளையும் அகலத் திறந்துவைத்துத்தான் உள்ளே கொண்டுபோகவேண்டும். எத்தனை பேர் தூக்கினார்களோ, எவர் எவருடைய காலில் வைத்தார்களோ, பூட்டின் பதிவில் அது வராது. நான்காவது எச்சரிக்கை வந்தபோது, அறிவிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.